மெத்தோடி உயிரோடு இருக்கிறார்

லோம், பல்கேரியா
ஜூன் 10, 2012

அன்புள்ள ரோசி அக்காவுக்கு,

ஸ்பாஸின் வேன் வெள்ளிக்கிழமை வந்தது. நீ இத்தாலியிலிருந்து அனுப்பிய பார்சல் முழுசாக வந்து சேர்ந்தது. சீஸ் மட்டும் வழியெல்லாம் வேர்த்திருந்தது. உன் வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் பிரித்தார். அத்தானுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்கிற அந்த யோலே அம்மாளைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது முழங்காலை மடக்கு, இடுப்பை வளைக்காதே. வாஷிங் மெஷின் தூக்குகிறவன் சொல்கிறேன், கேள்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் "எல்லாம் நல்லாருக்கு" என்று பொய் சொல்கிறேன். அதனால் இனிமேல் ஸ்பாஸிடம் கடிதம் கொடுத்தனுப்புவது என்று வைத்துக்கொள்வோம். எழுத எனக்கு விஷயமும் இருக்கிறது. சிரிக்காதே. நான் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன்.

பல் டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜைச் சரிசெய்தேன். அவர் தன் பழைய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டினார். அதில் சோஃபியாவிலிருந்து ஒரு பெண் பாடம் நடத்துகிறாள். மூக்கில் வளையம், வாய் ஓயாத பேச்சு. முதல் பாடத்திலேயே சொன்னாள்: "பாக்கறவங்க கண்ணு முதல்ல எங்க போய் நிக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். மத்ததெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும்." எனக்கு அது பிடித்துப் போயிற்று. நாற்பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னை எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை.

ஆனால் படிக்க ஆரம்பித்ததிலிருந்து என் கண் கெட்டுவிட்டது. கசாப்புக் கடைப் பலகையில் எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இறைச்சி வாங்கவே தோன்றவில்லை. கம்பத்திலும் கதவிலும் ஒட்டுகிறோமே சாவு நோட்டீஸ், அது அதைவிட மோசம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அப்புறம் வருஷாவருஷம் ஒன்று. ஒவ்வொன்றிலும் முகத்தைப் பக்கவாட்டில் இழுத்து, சிலுவையைச் சாய்த்து, காலியிடத்தில் எல்லாம் திராட்சைக்கொடி விட்டிருக்கிறார்கள். நான் செத்தால் என் படத்தை அந்த அச்சுக்கடைக்காரனிடம் கொடுத்துவிடாதே.

அத்தான் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார்.

உன் தம்பி
வெல்கோ


ஃபெர்ராரா
ஜூன் 28, 2012

வெல்கோ தம்பிக்கு,

என் முதுகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. மற்றபடி சௌக்கியம். யோலே அம்மாள் இந்த மாதம் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். தூக்குகிற எனக்குத் தெரிகிறது.

கிராஃபிக் டிசைனா? ஆறாம் வகுப்பில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. படி, படி. குடிக்காமல், சீட்டாடாமல் இருந்தால் சரி. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இங்கே நான் கற்றுக்கொண்டது எல்லாம் டயப்பர் மாற்றுவதும் குழையக் குழையப் பாஸ்தா வேகவைப்பதும்தான்.

மெத்தோடியைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய். சீஸ் சாப்பிட்டார், முத்தம் சொன்னார். டாக்டர் இந்த மறதி கூடிக்கொண்டேதான் போகும் என்று சொல்லியிருக்கிறார். கூடியிருக்கிறதா, இல்லையா? தானாகவே ஷேவ் செய்துகொள்கிறாரா? அதை எழுது.

மாத்திரை காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். மாற்றிக் கொடுத்துவிடாதே.

அக்கா
ரோசி


லோம்
ஆகஸ்ட் 5, 2012

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி இருவரும் நலமே. அத்தானுக்கு ஷேவிங் நான்தான் செய்துவிடுகிறேன். அவரால் முடியாது என்பதில்லை, எனக்கு நேரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு ஸ்டாம்கா அம்மா மிளகாய்த் தொக்கு கிண்டி, ஜாடியில் அடைத்துச் சந்தையில் விற்கிறாள் அல்லவா, அதற்கு நான் லேபிள் செய்து கொடுத்தேன். முதலில் மிளகாய் போட்டேன், தக்காளி போட்டேன், அடுப்பு, புகை, அவள் வீட்டுப் பூனை எல்லாம் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் ஒரே ஒரு சிவப்பு மிளகாயும் அவள் பெயரும் மிஞ்சின. அக்கா, நான் ஒன்று கண்டுபிடித்தேன். யோசனை வானத்திலிருந்து விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேண்டாததை எடுத்துக்கொண்டே போக வேண்டும், இனிமேல் எடுத்தால் செத்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடமாட்டேன் என்கிறது. ஸ்டாம்கா அம்மா லேபிளைப் பார்த்துவிட்டு, "பூனை எங்கடா?" என்றாள்.

அத்தானும் என் பின்னால் வந்து நின்று பார்ப்பார். ஒருநாள் சொன்னார்: "ஏண்டா இந்த எழுத்தெல்லாம் இப்படி நெருக்கிக்கிட்டு நிக்குது, பஸ்ஸுக்கா காத்திருக்கு?" பார்த்தால் அவர் சொன்னது சரி. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் கண் அல்லவா!

போன வாரம் ஆற்றுப் பக்கம் நடக்கப் போனார். பேக்கரிக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். சும்மா, வழியில் பார்த்தாராம்.

உன் முதுகுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். குதிரைக்குப் போடுவது, ஆனாலும் கேட்கும்.

வெல்கோ


ஃபெர்ராரா
ஆகஸ்ட் 19, 2012

வெல்கோ,

களிம்பு நாறுகிறது, ஆனால் வலி குறைந்தது. நான் நலம். நீங்கள் இருவரும் நலமா என்று கேட்கவில்லை, நீ எப்படியும் "நலமே" என்றுதான் எழுதுவாய்.

பேக்கரிக்காரர் எதற்காகக் கூட்டிவர வேண்டும்? நாற்பது வருஷம் நடந்த பாதை மெத்தோடிக்குத் தெரியாதா? போன தடவை போனில் அவர் என்னை "மேடம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நீ பின்னாலிருந்து சிரித்தாய். அது விளையாட்டு இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இரண்டு காரியம் செய். வாசல் கதவுக்கு உள்ளிருந்து அவரால் திறக்க முடியாத பூட்டு ஒன்று போடு. அவர் கோட்டின் உள்பக்கம் பெயர், தெரு, போன் நம்பர் எழுதி ஒரு துணியைத் தைத்துவிடு.

இன்னொன்று. உன்னால் முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை எழுது. நான் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். வெட்கப்படாதே. ஒரு வார்த்தை போதும்.

ரோசி


லோம்
அக்டோபர் 11, 2012, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி

அன்புள்ள அக்கா,

நீண்ட நாள் எழுதாமல் விட்டேன். நீ நலம்தானே? இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. நீ வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. நான் எதற்கு இருக்கிறேன்?

பூட்டு வாங்க வேண்டும். ஸ்டாம்கா அம்மாவின் மருமகன் மலிவாக வாங்கித் தருகிறேன் என்றான், வரட்டும். கோட்டில் தைக்கும் துணிக்கு நானே ஒரு சின்ன வடிவம் போட்டேன். சும்மா பேனாவால் கிறுக்கினால் கைதி நம்பர் மாதிரி இருக்கும் அல்லவா? அத்தானுக்கு ஒரு மரியாதை வேண்டும். கிரேன் கேபினில் இருக்குமே, உருண்டையான எழுத்து, அந்த மாதிரி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் அச்சடித்துத் தைத்துவிடுவேன்.

இப்போது பெரிய செய்தி. நம் வாசகசாலையில் இலையுதிர்கால நாட்டிய விழாவுக்குப் போஸ்டர் செய்யச் சொல்லி என்னைக் கேட்டார்கள். என்னை! காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் உலகமே தெரிவதில்லை. இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, மறுபடி கூட்டி, அதிலேயே இரண்டு மணி நேரம் போயிருக்கும். சற்றுமுன் அது சட்டென்று சரியாக வந்து உட்கார்ந்தது. அந்த நேரத்துச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? நான் ஒரு மெஷினைச் சரிசெய்தால் அது ஓடும், அவ்வளவுதான். இது வேறு. இது நான் செய்தது.

ஒரு பிரதி உள்ளே வைத்திருக்கிறேன். உன் அறையில் ஒட்டிக்கொள்.

வீடு நிசப்தமாக இருக்கிறது. அத்தான் தூங்குகிறார் போலிருக்கிறது. சதுக்கத்தில் ஸ்பாஸ் கிளம்பத் தயாராக நிற்பான், ஓடிப்போய் இதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சந்தோஷத்தில் இருக்கும்
வெல்கோ


ஃபெர்ராரா
அக்டோபர் 17, 2012

வெல்கோ,

வியாழக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். மெத்தோடியைக் காணோம் என்றாய். பத்து நிமிஷம் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தால் கதவு திறந்து கிடந்தது என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஸ் உன் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தான். தேதியும் மணியும் போட்டிருக்கிறாய்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நீ எழுதி நான் படிக்கும் தெம்பு எனக்கு இல்லை.

நான் வர முடியவில்லை. யோலே அம்மாளின் மகள் ஆபரேஷனுக்காக மிலானில் கிடக்கிறாள். வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. இந்தக் கிழவியை நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். யாரோ ஒருத்திக்குப் போர்வை இழுத்துப் போர்த்துகிறேன். என் புருஷன் எந்தத் தரையில் படுத்திருக்கிறாரோ.

ஆற்றில் தேடினார்களா? உண்மையை எழுது.

ரோசி


லோம்
அக்டோபர் 28, 2012

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடு.

ஆற்றில் தேடினார்கள். படகில் போய்த் தீவுவரை பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, அது நல்ல செய்திதான் என்று போலீஸ்காரர் சொன்னார். நான் துறைமுகம், ரயில்வே ஷெட், திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் சுற்றிவிட்டேன். மொந்தானா பஸ்ஸில் அவர் மாதிரி ஒருவர் ஏறினார் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காணவில்லை போஸ்டர் செய்தேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதானே. மற்றவர்கள் செய்வதுபோல் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பாமல், மிகவும் யோசித்துச் செய்தேன். அத்தானின் சகோதரி மகள் கல்யாணத்தில் கோட்டும் டையுமாக எடுத்தார்களே, அந்தப் படம். கண் முதலில் அங்கே போய் நிற்க வேண்டும். சுற்றிலும் வெள்ளையாக விட்டேன். மெல்லிசாக ஒரு கறுப்புக் கட்டம். கீழே பெரிதாகப் பெயர், "மெத்தோடி யோர்தானோவ், 61 வயது". "காணவில்லை" என்ற வார்த்தை முதலில் மேலே பெரிதாக இருந்தது. அது முகத்தை அமுக்கி, கத்திக்கொண்டே இருந்தது. அதனால் அதையும் போன் நம்பரையும் கடைசியில் சின்ன எழுத்தில் வைத்தேன். படித்துத்தானே ஆக வேண்டும்? சோஃபியா டீச்சருக்கும் அனுப்பினேன். காலியிடத்தை மிக நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று எழுதினாள்.

இங்கே, மொந்தானாவில், வழியிலுள்ள எல்லா ஊரிலும் ஒட்டிவிட்டேன். கம்பம் கம்பமாக. ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள் அக்கா. தொப்பியைக்கூடக் கழற்றுகிறார்கள்.

போன் மட்டும் வரவில்லை.

வெல்கோ


லோம்
நவம்பர் 6, 2012

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுதாவிட்டால் பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். இதை நீ வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஆன்மாக்களின் நாள். ஊரே கல்லறைக்குப் போய், வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் அத்தானோடு வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஷேவ் செய்து, சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் கையில் பூ. நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நாலு கார்னேஷன்.

நாலு, அக்கா. இரட்டைப்படை, செத்தவர்களுக்குக் கொடுக்கிற கணக்கு.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும். எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பலியேப்பா. அடக்கத்துக்கு வந்திருப்போமே," என்றார் அவர்.

"யாருக்கு அடக்கம்?" என்றேன்.

"என்னப்பா கேக்குற, மொந்தானா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருக்கியே. அழகா இருக்கு. மெத்தோடிக்கு ஏத்த நோட்டீஸ்."

அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முதல் கம்பத்துக்கு எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். கோட்டு போட்ட முகம், கறுப்புக் கட்டம், பெயர், வயது. இரண்டு பக்கமும் உண்மையான சாவு நோட்டீஸ்கள். அவை எல்லாவற்றையும்விட அது சாவு நோட்டீஸாக இருந்தது. மூன்று வாரமாக ஜனங்கள் அதன் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அத்தானை எங்காவது பார்த்தவர்கள்கூட, அந்த ஆள்தான் செத்துவிட்டானே என்று போயிருப்பார்கள். நான் அதைத் திரையில் பார்த்தேனே தவிர, நம் ஊர்க் கம்பத்தில் வைத்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஸ்டாம்கா அம்மாவைக் கேட்டேன், "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று. "நீ வாய்க்கு காணோம்னு சொல்லி மனசத் தேத்திக்கிற, ஆனா உண்மை தெரிஞ்சுதான் ஒட்டியிருக்கன்னு நெனச்சேன்டா. அதப் போய் எப்படிக் கேக்கறது?" என்று அழுதாள்.

எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெல்கோ


ஃபெர்ராரா
நவம்பர் 12, 2012

வெல்கோ,

போனில் சொன்னதையே எழுதியும் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் நீ மறுபடி அழகுபடுத்திவிடுவாய்.

சிவப்பில் போடு. மேலே, தாள் முழுக்க: உயிரோடு இருக்கிறார். அதற்குக் கீழே: காணவில்லை. அதற்குக் கீழே போன் நம்பர், குருடனுக்கும் தெரிகிற அளவில். கோட்டு டை படம் வேண்டாம். சமையலறையில் பனியனோடு தர்பூசணி தின்கிற படம் இருக்கிறது, வாயெல்லாம் சாறு. அதைப் போடு. வெள்ளையாக எங்கேயும் விடாதே.

யாருக்கும் பிடிக்கக் கூடாது. உனக்கு முதலில் பிடிக்கக் கூடாது.

நீ பாவம் என்று எனக்குத் தெரியும். இப்போது என்னால் உன்னைப் பாவம் பார்க்க முடியாது.

ரோசி


லோம்
நவம்பர் 18, 2012

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். மூன்று விதமான எழுத்து, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. மௌஸில் கையை வைத்தால் அதுவாகவே ஓரத்தை நேராக்கப் போகிறது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தர்பூசணிப் படத்தில் அத்தான் நன்றாக இருக்கிறார். அந்தப் படத்தை நான் ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்று கேட்காதே.

மறுநாளே போன் வந்தது. பெயர் லில்யானா, மொந்தானா பஸ் ஸ்டாண்டில் சிகரெட், பேப்பர் விற்கிறவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, ஆன்மாக்கள் நாளன்னிக்கு ஒருத்தர் அந்த முதல் நோட்டீஸ் முன்னாடி வெகுநேரம் நின்னுக்கிட்டிருந்தார். தாடி, யாரோ குடுத்த ஜாக்கெட். முகம் அப்படியே அந்தப் படம் மாதிரி. தம்பியா இருக்கும்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. ஒரு கப்புல கோதுமை போட்டுக் குடுத்து, 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்'னேன். அவரும் 'கடவுள் மன்னிக்கட்டும்'னார். 'நெருங்கின சொந்தமா?'ன்னு கேட்டேன். 'ரொம்ப நெருக்கம்'னார். சாப்பிட்டுட்டு அழுதார். மலைப்பக்கம் போற பஸ்ல நான்தான்யா ஏத்திவிட்டேன். டிக்கெட்டும் எடுத்துக் குடுத்தேன்." பிறகு அவள் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

அவர் உயிரோடு இருக்கிறார். நான் அவருக்குச் சாவு நோட்டீஸ் ஒட்டினேன், அவர் அதன் முன்னால் நின்று கோதுமை சாப்பிட்டிருக்கிறார்.

நாளைக்குக் காலையில் மலைப்பக்கம் போகிறேன். ஒவ்வொரு கிராமமாகச் சிவப்பு நோட்டீஸை ஒட்டப் போகிறேன். கம்ப்யூட்டரைப் பல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ தூங்குகிறாயா? தூங்கு அக்கா.

வெல்கோ


ஸ்துதேன் வீர்
டிசம்பர் 2, 2012

அன்புள்ள வெல்கோ,

இந்த மலைக் கிராமத்து ரொட்டிக் கடையில் உன் சிவப்பு நோட்டீஸைப் பார்த்துவிட்டுத்தான் இந்த முதியோர் இல்லத்து நர்ஸ் உனக்குப் போன் செய்திருக்கிறாள். நீ எனக்குச் சொன்ன அன்றே கிளம்பினேன். யோலே அம்மாளை எதிர் வீட்டுக்காரியிடம் விட்டேன். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கத்தினாள். கத்தட்டும். உன்னை இங்கே வர வேண்டாம் என்று போனில் சொன்னது கோபத்தில்தான். இப்போது கோபம் இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் வராதே. ஏன் என்று சொல்கிறேன்.

நல்ல இடம். சுத்தமாக இருக்கிறது, கணப்பு எரிகிறது. ரோட்டில் நடந்துகொண்டிருந்தவரைப் போலீஸ்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. பெயர் கேட்டதற்கு ஏதோ ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்றதற்கு, "மெத்தோடி யோர்தானோவ் அடக்கத்துக்கு. பஸ்ஸைத் தவற விட்டுட்டேன்," என்று சொல்லியிருக்கிறார். மெத்தோடியைத் தேடுகிறவர்கள், மெத்தோடி செத்துவிட்டார் என்று சொல்கிறவரை எப்படி மெத்தோடி என்று நினைப்பார்கள்? இங்கே அவருக்குத் துக்கக்காரர் என்று பெயர்.

நான் உள்ளே போனபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். யாருடையதோ ஒரு பச்சை ஸ்வெட்டர். வரும் வழியெல்லாம் நான் பயந்தது, என்னைத் தெரியாமல் போய்விடுமோ என்றுதான். தெரிந்தது, வெல்கோ. பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்க ரோசிதானே, மெத்தோடியோட ரோசி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் போனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன்," என்றார்.

நான் சண்டை போட்டேன். நீங்கதான் மெத்தோடி என்றேன். அடையாள அட்டையைக் காட்டினேன், கல்யாணப் படத்தைக் காட்டினேன். சிவப்பு நோட்டீஸைக்கூடக் காட்டினேன். அவர் அந்தத் தர்பூசணிப் படத்தைத் தடவிக்கொண்டே, "பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருந்த மனுஷன்," என்று அழுதார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் நான் மறுபடியும் ஆரம்பித்தேன், அன்றும் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, "விட்டுடுங்கம்மா. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுசா நடக்குது," என்றாள்.

நீ வந்தால் நீயும் சண்டை போடுவாய். அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். இப்போதைக்கு நான் இங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மரியாதையாகப் பேசுகிறார். எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் போட்டதில்லை.

நேற்று சாயங்காலம் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. கடைசில அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லைங்க. தூக்கத்துலயே போயிட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றேன்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. சூப் முழுவதையும் குடித்தார்.

அவர் உடம்பு நன்றாக இருக்கிறது. என் உடம்பும் நன்றாக இருக்கிறது. நீயும் சாப்பிடு.

அக்கா
ரோசி